‘நல்லாத்தானே இருக்கான்’ என்பவர்களுக்கு நடுவில் ஓசிடி உள்ள பிள்ளையை வளர்ப்பது

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. படிப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருவான். வீட்டில் கை கழுவப் போனால் அரை மணி நேரம் ஆகிறது. எழுதியதை அழித்து அழித்து நோட்டுத் தாள் கிழிந்துபோகிறது. படுக்கும்போது “அம்மா, யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று நாற்பது ஐம்பது தடவை கேட்கிறான். மனநல மருத்துவர் ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்கிறார். மாமியார், நான் செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்கிறார். டீச்சரோ “க்ளாஸ்ல நல்லாத்தானே இருக்கான்” என்கிறார். மாத்திரை கொடுக்கப் பயமாக இருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாத இந்த நோயோடு இவனை எப்படி வளர்ப்பது?

பதில்:

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். பதினெட்டு வருஷமாகச் சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலை. என் மூத்த மகனுக்கு 2020-இல், பத்து வயதில், ஓசிடி வந்தது. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். நடுவில் இருந்த வருஷங்களில் நான் செய்த தப்புகளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அது எந்த வருஷம் என்று கவனியுங்கள். ஊரே கை கழுவிக்கொண்டிருந்த வருஷம். போனை எடுத்தால் இருமல் சத்தத்தோடு காலர் ட்யூன் வரும், கையைக் கழுவுங்கள் என்று சொல்லும். எங்கள் வீட்டில் குளியல் சோப்பு நாலு நாளில் கரைந்தது. நான் அதைப் பெருமையாக நினைத்தேன். “எம் பேரனைப் பாருங்க, எவ்வளவு சுத்தம்” என்று என் மாமனார் போனில் எல்லோரிடமும் சொன்னார். அவன் கை முட்டி வரைக்கும் தோல் வெடித்து, குழம்பில் பிசைந்து சாப்பிடும்போது எரிகிறது என்று அழுத அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தினமும் நோயாளிகளைப் பார்க்கிற எனக்கே அவ்வளவு நாள் ஆனது. அதனால் உங்கள் டீச்சர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டீச்சருக்குத் தெரியாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அடக்கி வைப்பார்கள். ஆறேழு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பையைக் கழற்றிப் போட்டதும் மொத்தத்தையும் வீட்டில் இறக்கி வைப்பார்கள். யாரிடம் பயமில்லாமல் இருக்க முடியுமோ அவரிடம்தான் அது வெடிக்கும். அநேகமாக அம்மாவிடம். உடனே ஊர் என்ன சொல்லும்? “எல்லார்கிட்டயும் ஒழுங்கா இருக்கான், உன்கிட்ட மட்டும் ஆடுறான்னா நீதான் காரணம்.” அது தப்புக் கணக்கு.

செல்லம் கொடுத்து யாருக்கும் ஓசிடி வராது. கண்டிப்பாக வளர்த்ததாலும் வராது. ரத்த சொந்தத்தில் இருந்தால் வர வாய்ப்பு கூடும், அதிலும் சின்ன வயதிலேயே தொடங்குகிற ஓசிடிக்குப் பரம்பரைத் தொடர்பு அதிகம். ராத்திரி கேஸ் சிலிண்டரை எட்டுத் தடவை திருகிப் பார்க்கிற அத்தையோ, பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தெரு முனையிலிருந்து திரும்பி வருகிற பெரியப்பாவோ உங்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களை யாரும் நோயாளி என்று சொன்னதில்லை. “அவரு அப்படித்தான்” என்று முடித்துவிட்டோம்.

நோய் எப்படி ஓடுகிறது என்பது புரிந்தால்தான் வளர்ப்பது எப்படி என்பது புரியும். பிள்ளையின் மனதில் ஒரு எண்ணம் வேண்டாமலே வந்து விழுகிறது: கையில் கிருமி இருக்கிறது, இந்த எழுத்து சரியாக இல்லை, நான் ஒன்று செய்யாவிட்டால் அம்மா செத்துவிடுவாள். அந்த எண்ணம் கொடுக்கிற பதைப்பு நிஜமானது, நெஞ்சு படபடக்கும். கழுவினால், அழித்து எழுதினால், அம்மாவைக் கேட்டால், பதைப்பு கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம்தான் கண்ணி. மூளை என்ன கற்றுக்கொள்கிறது என்றால், ‘கழுவியதால்தான் தப்பித்தேன்’ என்று. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் அதிகம் கேட்கும். கந்துவட்டிக்காரனிடம் வாங்கின மாதிரி. இன்றைய அவசரத்துக்குக் கை கொடுப்பான், மறுநாள் வாசலில் நிற்பான்.

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. அந்த வட்டியை இப்போது பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். “ஒண்ணும் ஆகாதுடா கண்ணா” என்று ஐம்பதாவது தடவை நீங்கள் சொல்லும் பதில், அவனுக்குச் சோப்பு மாதிரிதான் வேலை செய்கிறது. ஒரு நிமிஷம் ஆறுதல், அப்புறம் மறுபடியும். நான் என்னவெல்லாம் செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வெளியிலிருந்து வருகிற எல்லோரும் வாசலில் கால் கழுவி உடை மாற்றித்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவன் தட்டை அவன் கண் முன்னால் இரண்டு தடவை கழுவினேன். ராத்திரி அவன் “குட் நைட் அம்மா” என்றால் நான் “குட் நைட், நாளைக்குப் பார்ப்போம்” என்று அதே வார்த்தையில், அதே இழுப்பில் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் மாறினால் முதலிலிருந்து. என் கணவர் நைட் ஷிப்ட் போன நாட்களில் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையும் சொல்ல வைத்தேன். இதையெல்லாம் பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் சாப்பிட்டது நோய்.

ஓசிடி உள்ள பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இது நடக்கிறது, உங்களுக்கும் எனக்கும் மட்டும் வந்த பலவீனம் இல்லை. குடும்பம் எவ்வளவுக்கு வளைந்து கொடுக்கிறதோ அவ்வளவுக்கு நோயும் கடுமையாக இருக்கிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு வழியை உருவாக்கினார்: பிள்ளையை விட்டுவிட்டு, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பதற்ற நோய் உள்ள 124 பிள்ளைகளை வைத்து 2020-இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்குச் சமமான பலன் பெற்றோர் பயிற்சியிலும் கிடைத்தது. அது பதற்ற நோய்க்கான ஆய்வு, ஓசிடிக்கானது இல்லை. ஆனாலும், நம் நடத்தையை மாற்றினாலே பிள்ளையின் பயம் குறைகிறது என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

சரி, நாளையிலிருந்து பதில் சொல்வதை நிறுத்திவிடலாமா? கூடாது. நான் அதைத்தான் செய்தேன். எங்கேயோ படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், “இனிமே பதில் சொல்ல மாட்டேன்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் அழுதான், சுவரில் தலையை முட்டினான், கடைசியில் நானே பத்துத் தடவை பதில் சொல்லித் தூங்க வைத்தேன். அதில் அவன் கற்றது ஒன்றே ஒன்று: இரண்டு மணி நேரம் முட்டினால் அம்மா இறங்கி வருவாள். ஒரே ராத்திரியில் மூன்று மாதம் பின்னால் போனோம்.

சரியான முறையில் செய்தால் இப்படி இருக்கும். முதலில், பதைப்பு இல்லாத ஒரு சாயங்காலத்தில், நோயைப் பற்றி அவனிடம் பேசுங்கள். பேர் சொல்லியே பேசுங்கள். சொன்னால் மனம் உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று அவன் ஏற்கெனவே தனியாக நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், பேர் தெரிந்தால் அவனுக்கு மூச்சு வரும். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கிறது, உன் பள்ளிக்கூடத்திலேயே இன்னும் சில பேருக்கு இருக்கும் என்று சொல்லுங்கள். நோய்க்கு அவனையே ஒரு பட்டப்பேர் வைக்கச் சொல்லுங்கள். உளவியலாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் வழக்கமாகச் செய்கிற உத்தி இது. என் மகன் ‘செக்கர்’ என்று வைத்தான். டவுன் பஸ்ஸில் திடீரென்று ஏறுவாரே, அவர். டிக்கெட் எடுத்துக் கையில் வைத்திருந்தாலும் அவரைப் பார்த்ததும் வயிறு கலங்கும் இல்லையா, அந்த மாதிரியாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை எனக்கும் அவனுக்கும் நடுவில் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், செக்கர் ஒரு பக்கம்.

அப்புறம் ஒப்பந்தம். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள், மற்றதையெல்லாம் இப்போதைக்கு அப்படியே விடுங்கள். ராத்திரிக் கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். “இந்த வாரம் பத்துத் தடவை பதில் சொல்வேன். அதுக்கு மேல கேட்டா, ‘இது உன் கேள்வியா, செக்கர் கேள்வியா’ன்னு மட்டும் கேட்பேன்” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பதினோராவது தடவை கேட்கும்போது குரலை உயர்த்தாமல், “உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. உன்னால இதைத் தாங்க முடியும்னும் தெரியும்” என்று சொல்லுங்கள். இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் அவனோடு சேர்ந்து நீங்களும் பயப்படுவது போலாகும், இரண்டாவதை மட்டும் சொன்னால் விரட்டுவது போலாகும். பக்கத்திலேயே இருங்கள், முதுகைத் தடவிக் கொடுங்கள். பதில் மட்டும் கிடையாது. அடுத்த வாரம் ஏழு, அதற்கடுத்து நாலு. முதல் சில நாள் கேள்வி கூடும், அழுகையும் கூடும். விட்டுக்கொடுக்காமல் இருந்தால் தானாக வடியும். இதில் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலாக இருக்க வேண்டும். நீங்கள் நிறுத்தி, பாட்டி “ஐயோ பாவம், நான் சொல்றேன் வா” என்றால் வட்டிக்கடை பாட்டி மடிக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

கழுவுவதற்கும் அழிப்பதற்கும் இதே தத்துவம்தான், ஆனால் அதை ஒரு உளவியலாளரின் துணையோடு செய்யுங்கள். பயப்படுகிற விஷயத்தைத் தொட வைத்து, அதற்குப் பரிகாரமான செயலைச் செய்யாமல் தடுத்து உட்கார வைக்கிற சிகிச்சை இது. ஈஆர்பி என்பார்கள். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் முதலில் இப்படிச் செய்து பார்த்து எழுதினார். அதுவரைக்கும் ஓசிடி தீராது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதைப் படிப்படியாகச் செய்வார்கள். பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடச் சொல்வார்கள். என் மகனுக்கு முதல் படி எங்கள் வீட்டுக் கதவுப் பிடியை ஒரு விரலால் தொட்டுவிட்டு இரண்டு நிமிஷம் கழுவாமல் இருப்பது. மூன்று மார்க். செருப்பு ஸ்டாண்டைத் தொடுவது ஆறு. பஸ் கம்பியைப் பிடித்த கையால், கழுவாமல் முறுக்கு சாப்பிடுவது பத்து. அந்தப் பத்துக்கு நாங்கள் போய்ச் சேர ஏழு மாதம் ஆனது. நானும் கூடவே நின்று சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது.

உளவியலாளரைத் தேடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா? பிள்ளைகளுக்கு ஈஆர்பி செய்த பழக்கம் இருக்கிறதா? ‘கவுன்சலிங் கொடுப்போம், ரிலாக்சேஷன் சொல்லிக் கொடுப்போம்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் நாலு மாதம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அவனுக்கு அது இன்னொரு சடங்கானது. சரியாக மூச்சு விட்டேனா என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்ப விட்டான்! பணம் போனதை விட அந்த நாலு மாதம் போனதுதான் வருத்தம்.

மாத்திரை பற்றி. ஓசிடிக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் மாத்திரைப் பாக்கெட்டைத் தினமும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுக்கிறவள் நான். “பயப்படாம சாப்பிடுங்க, பழக்கம் ஆகாது” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைக்கு என்று சீட்டு எழுதினபோது ஆறு மாதம் அதை பீரோவில் வைத்திருந்தேன். அதனால் உங்கள் பயத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகளின் ஓசிடிக்கு செர்ட்ராலின் ஆறு வயதிலிருந்தும், ஃப்ளூவாக்சமின் எட்டு வயதிலிருந்தும் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-லேயே அனுமதித்திருக்கிறது. நேற்று வந்த மருந்து இல்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 7 முதல் 17 வயது வரை உள்ள 112 பேரை நாலு பிரிவாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். நோய்க்குறி அநேகமாக இல்லை என்ற நிலைக்கு வந்தவர்கள், மாத்திரையும், ஈஆர்பி அடங்கிய பயிற்சிச் சிகிச்சையும் சேர்ந்து பெற்ற பிரிவில் நூற்றுக்கு 54 பேர், பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 21, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 பேர்கூட இல்லை. இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: நல்ல பயிற்சிச் சிகிச்சை கிடைத்தால், லேசான நோய்க்கு அதை மட்டும் வைத்துத் தொடங்கலாம். நோய் கடுமையாக இருந்தாலோ, பயத்தில் பிள்ளை பயிற்சிக்கே உட்கார மறுத்தாலோ மாத்திரையும் வேண்டும். மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது பாதிக் கிணறு.

ஓசிடிக்கு மாத்திரை வேலை செய்கிறதா என்று சொல்ல எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அப்புறம் அந்த எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான், நீங்களும் படித்திருப்பீர்கள். இந்த வகை மருந்து சாப்பிட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நாலு பேருக்குத் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ இருந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு. 2004-இல் அமெரிக்காவில் எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. அந்தச் சோதனைகளில் யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை. ஆகவே முதல் சில வாரங்களும், அளவைக் கூட்டுகிற நாட்களும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய நாட்கள். தூக்கமே இல்லாமல் பரபரவென்று இருந்தால், வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தால், சாவு பற்றிப் பேசினால், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். குணமானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஒரு வருஷம் கொடுத்துவிட்டு மெல்லத்தான் குறைப்பார்கள். என் மகனுக்கு மாத்திரை ஆரம்பித்தபோது முதல் இரண்டு வாரம் வயிற்று வலியும் பேதியும் இருந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுவுவதும் அழிப்பதும் கண்ணுக்குத் தெரிகிற ஓசிடி. தெரியாத பாதி ஒன்று உண்டு. கத்தியைப் பார்த்தால் ‘தங்கையைக் குத்திவிடுவேனோ’ என்று தோன்றும். சாமி கும்பிடும்போது சாமியைப் பற்றியே கெட்ட வார்த்தை மனதில் ஓடும். வயது கொஞ்சம் ஏறினால் அசிங்கமான காட்சிகள் வரும். அதை அழிக்க உள்ளுக்குள்ளேயே எண்ணுவார்கள், மந்திரம் போல எதையாவது சொல்வார்கள், வெளியே ஒன்றும் தெரியாது. ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லி வளர்க்கிற ஊரில் ஒரு பிள்ளை இதை யாரிடம் சொல்லும்? என் மகன் கோயிலுக்கு வரவே மாட்டேன் என்று அடம் பிடித்ததை நான் திமிர் என்று நினைத்து அடித்திருக்கிறேன். ஒரு வருஷம் கழித்துத்தான் காரணம் சொன்னான். இந்த எண்ணங்கள் பிள்ளையின் ஆசை கிடையாது. அவனுக்கு எது கொஞ்சமும் ஆகாதோ, அதையே தேர்ந்தெடுத்து நோய் காட்டும். தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளைக்குத்தான் தங்கையைப் பற்றி அப்படித் தோன்றும். நீங்களே முந்திக்கொண்டு, “ஓசிடி இருக்கிறவங்களுக்குச் சில சமயம் சாமியைப் பத்தி, வீட்டில இருக்கிறவங்களைப் பத்தி மோசமா எல்லாம் தோணுமாம். தோணுறது தப்பு இல்லையாம்” என்று சும்மா சொல்லி வையுங்கள். துருவாதீர்கள். அவனுக்கு இருந்தால் ஒரு நாள் வந்து சொல்வான்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். சொல்வதா மறைப்பதா? சொல்லுங்கள் என்பேன், ஆனால் எல்லோரிடமும் வேண்டாம். வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர், இரண்டு பேர் போதும். ‘ஓசிடி’ என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். இப்போதெல்லாம் பேனாவை நேராக அடுக்கி வைக்கிறவர்கள் எல்லாம் “எனக்குக் கொஞ்சம் ஓசிடி” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், டீச்சரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். வார்த்தைக்குப் பதிலாகக் கிழிந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு பக்கம் வீட்டுப்பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்று சொல்லுங்கள். பென்சிலுக்குப் பதில் பேனா, அழிரப்பர் இல்லாமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு எழுத அனுமதி, இம்போசிஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், கழிவறைக்குப் போனால் எத்தனை நிமிஷம் என்று ஒரு கண். இப்படிக் கையில் பிடிக்கிற மாதிரி கேட்டால் ஆசிரியர்கள் செய்வார்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு பேர் செய்தார்கள். ஒருவர் மட்டும் வகுப்பிலேயே “சுத்தம் சுந்தரம் வந்துட்டான்” என்று கூப்பிட்டார். அதைச் சரி செய்ய ஒரு வருஷம் ஆனது.

பொதுத்தேர்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. நோய் 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிக்கிறது என்று அரசு மருத்துவக் குழு சான்று கொடுத்தால், தேர்வில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் தரவேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் வாங்கத் தயங்காதீர்கள். சான்று வாங்கினால் பின்னால் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு சொந்தக்காரர் பதினோரு வயதுப் பிள்ளைக்குச் சொன்னார். அதற்கெல்லாம் பதில் சொல்லி மாளாது.

ஓசிடி இருக்கிறது என்பதற்காகச் சேட்டை எல்லாம் நோயாகிவிடாது. இது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. பாத்திரம் எடுத்து வைக்கச் சொன்னால் “அம்மா, ஓசிடி, எச்சில் தட்டைத் தொட முடியாது” என்பான், அடுத்த நிமிஷம் அதே தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்பான். கழுவாமல் இருக்க முடியாததற்குத் திட்ட மாட்டேன், தங்கையைக் கிள்ளியதற்குத் திட்டுவேன். இரண்டுக்கும் சேர்த்து விலக்குக் கொடுத்தால் தங்கைதான் அவதிப்படுவாள். அவளை நினைவில் வையுங்கள், உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருந்தால். என் மகள் ஆறு வயதில் “எனக்கும் ஏதாவது நோய் வரட்டும், நீ என்கூட உட்காருவ” என்றாள்.

மாமியார் விஷயம். நான் வாதம் செய்து தோற்றவள். தீட்டு, எச்சில் என்று வாழ்ந்த தலைமுறைக்கு, அதிகமாகக் கழுவுவது நோய் என்று புரிய வைப்பது லேசில்லை. வேண்டுதலுக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளட்டும். மாத்திரைக்குப் பதிலாக என்று சொன்னால் மட்டும் உறுதியாக நில்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், மனநோய்க்காகக் கொண்டுவந்து சங்கிலியில் கட்டி வைத்திருந்தவர்களில் 28 பேர் தீயில் கருகிப் போனார்கள். அதே ஏர்வாடியில் உள்ள தர்காவில் இப்போது துவாவோடு தவாவும் சேர்ந்து கிடைக்கிறது, பிரார்த்தனையும் மருந்தும். அரசு மனநலக் குழு அங்கேயே வந்து பார்க்கிறது. இதை நான் என் மாமியாரிடம் சொன்னேன். “தர்காவிலேயே மாத்திரை குடுக்கறாங்களா?” என்று கேட்டார். அப்புறம் மாத்திரை நேரத்தை எனக்கு ஞாபகப்படுத்தியதே அவர்தான்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். நோய் பிடிவாதமாக இருந்தால் பெங்களூருவில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் உண்டு. 14416 என்ற டெலிமனாஸ் அரசு மனநல உதவி எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பிள்ளை சாகிறேன் என்று சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, போனோடு நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: காய்ச்சல், தொண்டை வலிக்குப் பிறகு ஓரிரு நாளில் திடீரென்று இதெல்லாம் ஆரம்பித்திருந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அரிதாக அப்படியும் வரும், அதற்கு வேறு பரிசோதனைகள் தேவைப்படலாம்.

முழுசாகப் போய்விடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், சிறு வயதில் ஓசிடி வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குப் பின்னாளிலும் நோய் முழு அளவில் இருந்தது. இன்னும் 20 பேருக்கு லேசாக மிச்சம் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. என் மகன் அந்த நடு இருபதில் ஒருவன். பரீட்சை நேரத்தில் செக்கர் ஏறுவார், அவனே இறக்கி விடுவான். போன வாரம்கூட ராத்திரி பதினொரு மணிக்கு வந்து “அம்மா, ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றான். நான் “யாரு கேக்கறா?” என்றேன். “ம்ம்... அவர்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போவதற்குள் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை தடவை கேட்டான், கழுவ எத்தனை நிமிஷம் ஆனது, அதில் நீங்கள் என்னென்ன செய்து கொடுத்தீர்கள். கடைசியாகச் சொன்னதை மறைக்காமல் எழுதுங்கள், மருத்துவருக்கு அதுதான் அதிகம் உதவும். ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம், அதிலும் பையன் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பான். நோட்டை நீட்டிவிடுங்கள்.